தாழ் போட்ட கதவு

தேநீரில் சர்க்கரை குறைவு. கேட்கலாமா? இந்த நிலைமையில் இவளுக்குச் சர்க்கரை ஒரு கேடா என்று இந்தப் போலீஸ் அதிகாரி நினைப்பாரோ. வேண்டாம், இருக்கட்டும்.

சொல்கிறேன் ஐயா. மீன் பதப்படுத்தும் ஆலையில் நான் மேற்பார்வையாளர். குளிரறைக்குள் போகிறவள் தன் மேலங்கியை வெளியே ஆணியில் மாட்டிவிட்டு, தடித்த கோட்டைப் போட்டுக்கொண்டு போக வேண்டும். அங்கி தொங்கினால் உள்ளே ஆள் இருக்கிறது என்று அர்த்தம். அந்த வழக்கத்தைக் கொண்டுவந்ததே நான்தான். அன்று தொங்கியது என் தங்கையின் அங்கி. அதன் கிழிசலைத் தைத்துக் கொடுத்ததும் நான்தான்.

உள்ளே குளிரூட்டும் குழாயில் விரிசல் விட்டு அம்மோனியா நச்சுவாயு கசிந்தது. கூடத்தில் மீன் நறுக்குகிற பெண்கள், எல்லோரும் பிள்ளைகுட்டிக்காரர்கள். தங்கைக்கு அப்படி யாரும் இல்லை. ஒரு பக்கம் ஒருத்தி, மறுபக்கம் அத்தனை பேர். யாராக இருந்தாலும் இதைத்தான் செய்திருப்பார்கள். கதவைச் சாத்தினேன். அவள் உள்ளிருந்து தள்ளினாள். "அக்கா, நான்தான்க்கா" என்றாள். தெரியும். திறந்தால் நெடி வெளியே வருமே என்று தாழ் போட்டேன். தட்டுவது நிற்கும்வரை பக்கத்திலேயே நின்றேன். அவளைத் தனியாக விடவில்லை.

கோபமா? அதெல்லாம் இல்லை. என் வேலைக்கு அவளைப் போடுவதாக முடிவாகியிருந்தது. அவளும் சரியென்று சொல்லியிருக்கிறாள். ஒரே தட்டில் சாப்பிட்டவள், என்னிடம் மூச்சு விடவில்லை. பெட்டி கட்டுகிறவள் சொல்லித்தான் தெரிந்தது. "என்ன மேடம், இனிமே தங்கச்சிக்கு நீங்க வணக்கம் வைக்கணுமாமே?" அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

என்னை அறுப்பது வேறு. நெடி வந்ததுமே தாங்கள் வாசலுக்கு ஓடிவிட்டதாகவும், கதவைச் சாத்தும்போது நான் மட்டுமே இருந்ததாகவும் அந்தப் பெண்கள் உங்களிடம் சொல்லியிருக்கிறார்கள். உண்மைதான், கூடம் காலியாகத்தான் இருந்தது. அதற்காக? அவர்களுக்காகத்தானே செய்தேன். ஒருத்திக்காவது நன்றி இருக்கிறதா?

சற்று முன் அம்மாவை உள்ளே விட்டீர்கள். என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அவ உள்ள இருந்தது தெரியலைன்னு சொல்லிடுடி. ஒருத்தி போயிட்டா. நீயாவது எனக்கு வேணும்."

"முடியாதும்மா."

"ஏன்டி?"

தெரியாமல் சாத்தினேன் என்றால் அது வெறும் விபத்து. நான் யாரையும் காப்பாற்றியதாக ஆகாது. அம்மாவுக்கு அது புரியாது. கையை மெல்ல விடுவித்துக்கொண்டேன்.