ஒன்பதாவது நிமிடம்

விசாரணை அதிகாரி அம்மா, உங்கள் இடது கையுறையில் ஒரு நூல் பிரிந்து தொங்குகிறது. தயவுசெய்து அதை இழுத்துவிடாதீர்கள், மணிக்கட்டு வரை உருவிக்கொண்டு வந்துவிடும். ஒட்ட நறுக்கி, நுனியில் ஒரு துளி பசை வைத்தால் போதும். இந்த அறையில் எனக்குக் கத்தரிக்கோல் தரமாட்டார்கள் என்பது தெரியும், அதனால் சொல்வதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

வாயால் சொல்லச் சொன்னீர்கள். எழுதித் தருகிறேன் என்றேன். பேசும்போது எனக்கு முன்னுக்குப் பின் முரணாக வந்துவிடும். கையெழுத்தோ அச்சடித்த மாதிரி இருக்கும், நீங்களே பார்க்கிறீர்கள்.

இந்தப் போர்க்கப்பலின் கவச உடைப் பிரிவுக்கு நான் தலைவன். எல்லாரும் என்னை மாஸ்டர் என்பார்கள். எதிரியின் நிலவைச் சுற்றிக்கொண்டு மூன்றாவது வருடமாகக் கிடக்கிறோம். கீழே காற்று கிடையாது. வீரர்களைச் சிறு கலத்தில் ஏற்றி இறக்கிவிடுவோம். சண்டை போட்டுவிட்டுத் திரும்பி வருவார்கள். அவர்களுக்கும் சாவுக்கும் நடுவே இருப்பது என் பிரிவு தைத்து, ஒட்டி, சோதித்துக் கொடுக்கும் உடை ஒன்றுதான். இருநூற்றுப் பன்னிரண்டு உடைகள். ஒவ்வொன்றையும் காற்று நிரப்பிக் குளிர்ப்பெட்டியில் வைத்து, அழுத்தமானியின் முள் இறங்குகிறதா என்று இருபது நிமிடம் கண்கொட்டாமல் பார்ப்போம். இருபத்தாறு வருடமாக இதே வேலை. என் உடை ஒன்றுகூட ஊசி முனை அளவு கசிந்ததில்லை.

பிறகு மேஜர் வந்தார். தரையிறங்கும் படைக்கு அவர்தான் தலைவர். கையில் எப்போதும் ஒரு நிறுத்தற்கடிகாரம். சாப்பிடுவதற்கு நிமிடக் கணக்கு, குளிப்பதற்கு நிமிடக் கணக்கு. வீரர்கள் அவருக்கு ‘நிமிஷம்’ என்றே பெயர் வைத்துவிட்டார்கள். வந்த மூன்றாம் நாள் என் பிரிவில் நுழைந்தார்.

“இருபது நிமிஷமா? அதுக்குள்ள எதிரி வீடு கட்டிக் குடி வந்துருவான் மாஸ்டர். நாலு நிமிஷம் போதும்.”

“குளிர்ல வர்ற கசிவு நாலு நிமிஷத்துல தெரியாதுங்க சார்.”

“இதுவரைக்கும் எத்தனை உடை கசிஞ்சிருக்கு?”

“ஒண்ணுகூட இல்லைங்க சார்.”

“அப்புறம் என்ன?”

நானே வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன். மறுநாளே உத்தரவு வந்தது. நான்கு நிமிடம்.

நான் கோபப்படுகிறவன் அல்ல. பொறுத்துப் பார்த்தேன். முதல் இறக்கத்தில் ஒன்றும் ஆகவில்லை. இரண்டாவதிலும் இல்லை. மூன்றாவது முடிந்த அன்று சாப்பாட்டுக் கூடத்தில் அத்தனை பேர் நடுவே மேஜர் என் தோளில் கை போட்டார். “பாத்தீங்களா மாஸ்டர், யாரும் சாகல. பதினாறு நிமிஷம் சும்மா பெட்டியை வேடிக்கை பாத்துட்டு இருந்திருக்கீங்க, அதுவும் இருபத்தாறு வருஷம்.” எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சூப்பு ஆறிவிட்டது.

இங்கேதான் நீங்கள் கொஞ்சம் நிதானமாகப் படிக்க வேண்டும். எனக்கு இருந்த சிக்கல் இதுதான்: நான் சொன்னது உண்மை, ஆனால் அதைக் காட்ட ஒரு கசிவு இல்லை. என் ஆட்கள் அவ்வளவு நன்றாக வேலை செய்துகொண்டிருந்தார்கள். பாதுகாப்பு விஷயத்தில் வெறும் பேச்சு எடுபடாது, எடுத்துக்காட்டு வேண்டும்.

கையுறையை உடையோடு சேர்க்கும் மணிக்கட்டு வளையத்தை ஒட்டும் பசையில் வேறொரு பசையைக் கலந்தால், கப்பலின் சூட்டில் கல் போல நிற்கும். குளிரில் சுருங்கிச் சுருங்கி ஒரு கட்டத்தில் சட்டென்று விட்டுவிடும். எவ்வளவு கலந்தால் எத்தனை நிமிடம் தாங்கும் என்று குளிர்ப்பெட்டியில் பதினான்கு முறை பார்த்தேன். பதினைந்தாவது முறை சரியாக ஒன்பதாவது நிமிடத்தில் விட்டது. நான்கு நிமிடச் சோதனையில் யாராலும் கண்டுபிடிக்க முடியாது. இருபது நிமிடச் சோதனையில் ஒரு குழந்தைகூடக் கண்டுபிடித்துவிடும். இதைவிட நேர்மையான ஏற்பாடு இருக்க முடியுமா, நீங்களே சொல்லுங்கள்.

ஒரே ஒரு உடையில்தான் வைத்தேன். எந்த உடை என்று பார்க்காமல் அலமாரியிலிருந்து கைக்கு வந்ததை எடுத்தேன். பாரபட்சம் கூடாது. அது ‘கொட்டாவி’ என்று எல்லாரும் கூப்பிடும் வீரனின் உடை.

கொட்டாவியை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். நல்ல மனிதன். கலத்தில் குதிக்க வரிசையில் நிற்கும்போதும் கொட்டாவி விடுவான், குண்டு விழும்போதும் விடுவான். “பயந்தா இப்படித்தான் மாஸ்டர் வருது, வெளிய தெரியாம பாத்துக்கிறேன்” என்று என்னிடம் மட்டும் சொல்லியிருக்கிறான். நிலவில் இறங்கிய ஒன்பதாவது நிமிடத்தில் அவன் வாயை அகலத் திறந்தான். ஆரம்பித்துவிட்டான் பார் என்று பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்களாம். அவன் சாய்ந்த பிறகுதான் அவர்களுக்குப் புரிந்தது.

எனக்கு வருத்தம்தான். ஆனால் மேஜருக்குப் புத்தி வரும் என்று நினைத்தேன். அவர் என்ன சொன்னார் தெரியுமா? எதிரியின் குண்டுச் சில்லு கிழித்துவிட்டது என்று எழுதி, “போர்னா ஒண்ணு ரெண்டு போகத்தான் செய்யும்” என்று கோப்பை மூடிவிட்டார். நான்கு நிமிடம் நான்கு நிமிடமாகவே இருந்தது. கொட்டாவியை வீணாக்கிய ஆள் அவர்தான். அதை என்னால் ஏற்க முடியவில்லை.

இந்த இடத்தில் என் மைத்துனன் வருகிறான். மனைவியின் தம்பி. என் பிரிவில் எனக்கு அடுத்த மேசை. நான்தான் சொல்லிப் பிடித்து வேலைக்குச் சேர்த்தேன். நல்ல பையன் என்று எல்லாரும் சொல்வார்கள், நானும் சொல்வேன். வேலையைப் பற்றிக் கேட்காதீர்கள். கொட்டாவி அவனுக்கு உயிர் நண்பன். அன்று என் மேசையில் தலையைக் கவிழ்த்து, “மாமா, நாமதான ஒட்டிக் குடுத்தோம், நாமதான ஒட்டிக் குடுத்தோம்” என்று அழுதான். முதுகைத் தட்டிக் கொடுத்தேன். பிறகு எழுந்து நேராகச் சாப்பாட்டுக் கூடத்துக்குப் போய், மேஜரின் முகத்துக்கு நேரே கத்தினான்: “உங்க நாலு நிமிஷத்தை உங்க மேலயே போட்டுப் பாருங்க சார், அப்பத் தெரியும்!”

நூறு பேர் கேட்டார்கள். யோசனை மோசமில்லை என்று எனக்கும் பட்டது.

மேஜர் வாரம் ஒருமுறை கப்பலின் வெளிச்சுவரைச் சுற்றிப் பார்ப்பார். கடிகாரத்தை அழுத்திவிட்டுத்தான் வெளியே கால் வைப்பார். அவருடைய வலது மணிக்கட்டு வளையத்தை நான் முந்தின நாளே கழற்றி, துடைத்து, ஒட்டினேன். ஒரு சுற்று, இடைவெளி இல்லாமல், ஒரே கை ஓட்டத்தில். அடுத்த நாள் உடையைச் சோதித்துக் கையெழுத்துப் போடும் முறை என் மைத்துனனுடையது. பணி அட்டவணையை எழுதியவன் நான். அதில் விசேஷம் ஒன்றும் இல்லை, எப்போதும் நான்தான் எழுதுவேன். அவன் உத்தரவுப்படி நான்கு நிமிடம் பார்த்தான், கையெழுத்துப் போட்டான்.

கண்ணாடிச் சுவருக்கு இந்தப் பக்கம் முப்பது பேர் நின்றிருந்தோம். மேஜர் வெளியே நடந்து, ஆணிகளைத் தட்டிப் பார்த்து, எங்களுக்குக் கை காட்டினார். ஒன்பதாவது நிமிடத்தில் கையைப் பார்த்தார். கடிகாரத்தைப் பார்க்கிறார் என்று நினைத்தார்கள். கடைசிவரை துல்லியமான மனிதர். அந்த மரியாதை எனக்கு அவர்மேல் உண்டு.

பிறகு நடந்ததெல்லாம் நல்லதுதான். புதிய தலைவர் அந்த வாரமே இருபது நிமிடச் சோதனையைத் திரும்பக் கொண்டுவந்தார். அதற்குப் பின் இரண்டு இறக்கங்கள், உடையால் ஒரு சாவு இல்லை. இரண்டு பேரையும் இருநூற்றுப் பத்துப் பேரையும் தராசில் வைத்துப் பார்க்கச் சொல்லி உங்கள் மேலதிகாரிகளுக்கு எழுதுங்கள்.

ஒரே ஒரு சங்கடம். நீங்கள் கெட்டிக்காரர், வளையத்தைத் தேடி எடுத்துவிட்டீர்கள். பசையைக் கண்டுபிடித்தீர்கள். கையெழுத்து யாருடையது, மிரட்டியது யார் என்று பார்த்தீர்கள். என் மைத்துனனைப் பிடித்து உள்ளே வைத்தீர்கள். போர்க்காலச் சட்டம் வேகமாக ஓடும்; நாளை மறுநாள் அவனுக்கு மரண தண்டனை.

என் மனைவியிடமிருந்து தினமும் செய்தி வந்தது. “தம்பி அப்படிப்பட்டவன் இல்லைங்க. நீங்க பெரிய ஆள், ஏதாச்சும் பண்ணுங்க.” சட்டம் தன் கடமையைச் செய்யும் என்று தினமும் பதில் போட்டேன். பதினெட்டு நாள். அவனைச் சிறையில் போய்ப் பார்க்கவும் செய்தேன். “மாமா, அக்காவைப் பாத்துக்கோங்க” என்றான். சரி என்றேன்.

இன்று காலை உங்கள் அறிக்கையை எல்லாப் பிரிவுக்கும் அனுப்பியிருந்தீர்கள். பதினொன்றாம் பக்கத்தில் அந்த வளையத்தின் படம், பெரிதாக்கி, பசையின் ஓரம் மயிரிழைகூடப் பிசகாமல். கீழே என் மைத்துனனின் பெயர் போட்டு, ‘குற்றவாளியின் கைத்திறன் அசாதாரணமானது; இத்தனை நேர்த்தியான வேலையை இக்குழு இதுவரை கண்டதில்லை’ என்று எழுதியிருக்கிறீர்கள். மூன்று முறை படித்தேன். என் ஆட்கள் அதைச் சுவரில் ஒட்டி வைத்திருக்கிறார்கள். “அவனுக்குள்ள இப்படி ஒரு கையா!” என்கிறார்கள். நேராக நான்கு விரற்கடை பசை இழுக்கத் தெரியாத பயல், அம்மா. அவன் ஒட்டியதைத் தினமும் சாயங்காலம் நான் பிரித்து ஒட்டுவேன்.

அரை மணி நேரத்தில் உங்கள் வாசலில் நின்றேன்.

இப்போது கேட்டீர்கள், “மச்சினனைக் காப்பாத்தத்தான வந்தீங்க?” என்று. பின்னே? ரத்த பாசம் இல்லாவிட்டாலும் குடும்பம் குடும்பம்தானே. ஆகவே எழுதிக்கொள்ளுங்கள்: கொட்டாவியைக் கொன்றது நான். மேஜரைக் கொன்றது நான். கலவை என்னுடையது, கணக்கு என்னுடையது, கை என்னுடையது. சுய நினைவோடு, யார் கட்டாயமும் இல்லாமல் ஒப்புக்கொள்கிறேன்.

அவனை எப்போது விடுவீர்கள், எப்படி விடுவீர்கள் என்பதெல்லாம் உங்கள் நடைமுறை. அது மெதுவாக ஆகட்டும். பதினொன்றாம் பக்கத்தை மட்டும் இன்றைக்கே மாற்றி ஒட்டச் சொல்லுங்கள்.