சகலை வண்டிக்கு ஒரு ஊளை

– இறுக்கித் தரணும்னு நான் எப்பம்மா சொன்னேன்? மாட்டித் தரணும்னுதானே சொன்னேன்.

– சார், கார் கூரை மேல இருக்கற கேரியர் கம்பியை இறுக்காம எப்படி மாட்டறது? இந்தக் கடை வெச்சு பதினோரு வருஷம் ஆச்சு. கம்பி ஆடுது, சரி பண்ணுங்கன்னு வருவாங்க. சரி பண்ணாதீங்கன்னு வந்த முதல் ஆள் நீங்கதான்.

– ஆடக்கூடாது. யார் தலையிலயும் விழக்கூடாது. ஆனா அந்த ஆளுக்கு நிம்மதியும் இருக்கக்கூடாது. உங்க மெக்கானிக் படிப்புல இதுக்கு ஏதாவது வழி இருக்கான்னு கேக்கறேன்.

– எந்த ஆளு?

– வண்டிக்காரன். என் சகலை. என் சம்சாரத்தோட தங்கச்சி புருஷன்.

– அவர் வண்டியை நீங்க ஏன் ரிப்பேருக்குக் கொண்டாந்தீங்க?

– நானே வலியப் போய்க் கேட்டேன். "நீ வேலைக்குப் போறவன், நான் வீட்டுல சும்மாத்தானே இருக்கேன், நானே கொண்டுபோய் சரி பண்ணிட்டு வரேன்"னு தேன் ஒழுகப் பேசி சாவியை வாங்கினேன். அவனுக்குக் கண்ணு கலங்கிருச்சு. பழி வாங்கப் போறவன் இவ்வளவு பணிவா இருப்பான்னு அவனுக்கு எங்க தெரியப்போகுது.

– ஓரமா நில்லுங்க, ஏணி போடறேன். அடேயப்பா, முன் கம்பி ஒரு பக்கம் பிடியை விட்டே வெளிய வந்திருக்கு. விழப்போற பல்லு மாதிரி ஆடுது. என்னத்த ஏத்தினீங்க இது மேல?

– என்னைத்தான்.

– உங்களையா?

– என் படத்தைம்மா. பார்சல் ஆபீஸ்ல முப்பத்திநாலு வருஷம் சுமை கட்டற ஆளுங்களுக்கு மேஸ்திரியா இருந்தேன். ரிட்டயர் ஆன அன்னிக்கு எல்லாரும் சேந்து கொடுத்த படம். ஆறடி உயரம், மரச் சட்டம், கண்ணாடி. அதுல நான் சிரிக்கற சிரிப்பைப் பாத்தா அழற குழந்தை அழுகையை நிறுத்திரும்.

– சரி, அப்புறம்?

– வீடு மாத்தினோம். மத்த சாமானெல்லாம் லாரியில போச்சு. படத்தை மட்டும் அடுத்தவன் கையில கொடுக்க மனசு வரலை. சகலை வண்டி மேல படுக்க வெச்சு நானே கட்டினேன். பெரிய ரோடு ஏறி கொஞ்ச நேரத்துல மேல டமால்னு ஒரு சத்தம். திரும்பிப் பாக்கறேன், ஏழடிப் படம் காத்துல எழும்பிப் பறக்குது. சிரிச்சுக்கிட்டே பறக்கறேன்மா. பின்னால வந்த லாரிக்காரன் என் முகத்தைப் பாத்து ஒரு கும்பிடு போட்டுட்டு ஒதுங்கிட்டான்.

– ஆறடின்னீங்க.

– பறக்கறப்ப பெருசாத் தெரிஞ்சுது. மூணு மாடி உயரம் போய், ஏரிக்குள்ள தலைகுப்புற விழுந்துச்சு. நூறு வாத்து எழுந்து நின்னு மரியாதை பண்ணுச்சு.

– பாவம் சார் நீங்க.

– படம் போனா போகட்டும். அதுக்கப்புறம் அவன் பேசினதுதான் போகமாட்டேங்குது. வண்டியை ஓரம் கட்டி இறங்கி, இடுப்புல கை வெச்சுக்கிட்டு, குடும்பமே நிக்கறப்ப சொல்றான்: "முடிச்சு அவுந்துருச்சு போல அண்ணே. வயசாச்சு இல்ல." கம்பி ஆடுதேடான்னா, படம் அவுந்து இழுத்ததாலதான் ஆடுதாம். முப்பத்திநாலு வருஷத்துல நான் கட்டின கட்டு பிரிஞ்சுதுன்னு ஒரு கடுதாசி வந்ததில்லை. நான் கட்டி அனுப்பின பீரோவைப் பிரிக்க முடியாம ஒருத்தர் மூணு வருஷம் கயிறோடயே வெச்சிருந்தார்.

– அதுல துணி எப்படி வெச்சார்?

– அது அவர் கஷ்டம். இப்ப என் நிலைமையைக் கேளுங்க. என் பொண்ணு குப்பைப் பையைக்கூட என் கையிலேருந்து வாங்கி அவளே கட்டறா. பேரன் ஷூ லேஸ் அவுந்தா, "தாத்தா கட்டினியா"ன்னு கேக்கறான். நான் சம்பாதிச்ச பேரு ஒண்ணே ஒண்ணு. அதையும் இவன் ரோட்டுல கொட்டிட்டான்.

– கயிறு இருக்கா?

– பையிலயே வெச்சுக்கிட்டுத் திரியறேன். இதோ பாருங்க.

– முடிச்சு அவிழவே இல்லையே சார். கல்லு மாதிரி இருக்கு. கம்பியோட முனை பிடியை விட்டுத் தூக்கினதும், கயிறு வளையத்தோட உருவிக்கிட்டு வந்திருக்கு. கட்டு மேல ஒரு தப்பும் இல்லை.

– இன்னொரு தடவை சொல்லுங்கம்மா. காது குளிருது.

– இருங்க, இதைப் பாருங்க. போல்ட்டை மறைக்கற மூடியில பூட்டு இருக்கு. சின்னச் சாவி போட்டாத்தான் போல்ட்டைத் தொடவே முடியும். பூட்டு உடையலை, ஒரு கீறல் இல்லை. தானா ஆடி ஆடிக் கழண்டிருந்தா மரை தேஞ்சிருக்கும். மரை புதுசாட்டம் இருக்கு. யாரோ சாவி போட்டுத் திறந்து, நிதானமா லூஸ் பண்ணி, மறுபடியும் பூட்டியும் வெச்சிருக்காங்க. நாலு பக்கமும்.

– அந்தச் சின்னச் சாவி அவன் வண்டிச் சாவிக் கொத்துலதானே தொங்குது.

– அதான் நானும் பாக்கறேன்.

– ஒரு கைப்பிடி கோபத்தோட உள்ள வந்தேன். நீங்க ஒரு லாரி நிறைய ஏத்தி விட்டுட்டீங்க.

– சார், உங்க சகலை கறுப்புக் கண்ணாடி போட்டவரா?

– மழையிலயும் கழட்ட மாட்டான்.

– அப்ப அவரேதான். போன மாசம் வைப்பர் மாத்தணும்னு இதே வண்டியில வந்தாரு. நான் கிட்டப் போனேன். "கடையில ஆம்பளைங்க யாரும் இல்லையா"ன்னு கேட்டாரு. இல்லைன்னேன். "வந்ததும் சொல்லி அனுப்பு"ன்னுட்டுக் கிளம்பிட்டாரு.

– நீங்க என்ன பண்ணீங்க?

– சிரிச்சேன். அது இன்னும் எனக்கு ஜீரணம் ஆகலை.

– அப்ப நாம ரெண்டு பேரும் ஒரே கட்சி. வழி சொல்லுங்க.

– ஒண்ணு இருக்கு. கம்பிக்கு அடியில இந்த அம்புக்குறி தெரியுதா? ஒரு ஓரம் தடிமன், ஒரு ஓரம் மெல்லிசு. தடி ஓரம் முன்னால வரணும். திருப்பி மாட்டினா இறுக்கம் ஒண்ணும் குறையாது, ஆபத்தும் இல்லை. ஆனா வேகம் அறுபதைத் தாண்டினதும் காத்து பட்டு ஊளையிடும். ஜன்னலை மூடினாலும் கேக்கும், பாட்டு போட்டாலும் கேக்கும். எங்கேருந்து வருதுன்னே தெரியாது. ஒருத்தர் எஞ்சினையே இறக்கிப் பாத்தாரு.

– நீங்க நூறு வருஷம் நல்லா இருக்கணும். ஊளைன்னா எந்த மாதிரி?

– பட்டினி கிடக்கற நரி மாதிரி.

– நாலு நரி வைக்க முடியுமா?

– ரெண்டு கம்பிதானே இருக்கு. ரெண்டு நரிதான்.

– போதும். தினம் நாப்பது கிலோமீட்டர் ஆபீசுக்குப் போறான். போறப்ப ரெண்டு நரி, வர்றப்ப ரெண்டு நரி. தூக்கம் போகும், சோறு இறங்காது, காது டாக்டர்கிட்ட போய் உக்காருவான். நான் பின் சீட்டுல உக்காந்துக்கிட்டு, "எனக்கு ஒண்ணும் கேக்கலையேப்பா, வயசாச்சு இல்ல"ம்பேன்.

– ஆம்பளை மெக்கானிக்காத் தேடித் தேடி அலையட்டும்.

– அப்படிப் போடுங்க. திருப்புங்கம்மா கம்பியை.

– கொஞ்சம் நிறுத்தறீங்களா ரெண்டு பேரும்.

– சார், வண்டிக்குள்ள யாரு?

– என் சம்சாரம். கூட வரேன்னு வந்தா, பின் சீட்டுல தூங்கிட்டா.

– தூங்கலை. நீங்க நரி எண்ணற சத்தத்துல யாரு தூங்கறது? ஏணியில நிக்கற பொண்ணே, கம்பியை எப்படி மாட்டணுமோ அப்படியே மாட்டும்மா. என் தங்கச்சி புருஷன் வாய்க்கொழுப்புக்காரன்தான். ஆனா இந்தத் தப்பு அவனோடதில்லை.

– நீ ஏன் அவனுக்குப் பரிஞ்சுக்கிட்டு வர்றே? சாவி போட்டுத் திறந்திருக்குன்னு இவங்களே சொல்லிட்டாங்க.

– புது வீட்டுக் கூடத்துல, அந்தப் பெரிய சுவர் பக்கம் என்ன வைக்கறதா இருந்தோம்?

– என் படம்.

– அதுக்கு முன்னாடி?

– உன் தையல் மெஷின். அது பழசுதானே.

– இருபத்தாறு வருஷம், பொண்ணே. எங்க தெருவுக்கே அதுலதான் தெச்சேன். நான் கடைக்குப் போயிட்டு வர்றதுக்குள்ள இரும்புக் கடைக்காரனைக் கூப்பிட்டுத் தூக்கிக் கொடுத்துட்டாரு. என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கலை. ஏன்னு கேட்டதுக்கு, "இனிமே யாரு தெக்கப் போறா"ன்னு சிரிச்சாரு. படத்துல சிரிக்கறாரே, அதே சிரிப்பு.

– அதுக்கும் கம்பிக்கும் என்னடி சம்பந்தம்?

– அம்மா, நீங்களா கழட்டினீங்க?

– இவர் கட்டி முடிச்சுட்டு, சட்டை மாத்த உள்ள போன நேரம். தங்கச்சி சாவி கொடுத்து ஸ்டூலைப் பிடிச்சா, நான் ஏறினேன்.

– யார் மேலயாவது விழுந்திருந்தா என்னம்மா ஆகறது?

– தெருமுனை வேகத்தடையிலயே சரிஞ்சு விழுந்துரும்னு நெனச்சேன். இந்த மனுஷன் போட்ட கட்டு பத்து கிலோமீட்டர் தாக்குப் பிடிக்கும்னு எனக்கு எங்க தெரியும்? வழியெல்லாம் உயிரைக் கையில பிடிச்சுக்கிட்டு வந்தேன்.

– கேட்டீங்களா மெக்கானிக்கம்மா, இவ வாயாலயே வந்துருச்சு. தாக்குப் பிடிச்சிருக்கு. என் முடிச்சு அவிழலை. இன்னிக்கே வீடு வீடாப் போய் எல்லார்கிட்டயும் சொல்லப்போறேன்.

– தாராளமாச் சொல்லுங்க. முடிச்சு கெட்டி, என் பொண்டாட்டியேதான் என்னை நடு ரோட்டுல கழட்டி விட்டாள்னு பொண்ணுகிட்ட, பேரன்கிட்ட, உங்க ஆபீஸ் ஆளுங்ககிட்ட எல்லாம் சொல்லுங்க. எதுக்காகக் கழட்டினாள்னு கேப்பாங்க, அதை நான் சொல்லிக்கறேன்.