லீவு நாள் மாத்திரை

சிவகாசி பஸ்ஸில் எனக்கு முன்சீட்டில் இருந்த பெண் சொன்னாள்: “வலிப்பு மாத்திரைய லீவு நாள்ல மட்டுந்தாங்க்கா முழுங்குதேன்.”

பக்கத்தில் இருந்தவள் திடுக்கிட்டுத் திரும்பினாள். “ஏட்டி, ஒருநாள்கூட விடக்கூடாதுன்னு நர்ஸம்மா சொன்னாகளே?”

“போட்டா தூக்கம் வரும், நெருப்புக்கிட்டப் போகாதேன்னும் அவுகதானே சொன்னாக? அதான் வேலைநாள்ல போடுறதில்ல.”

“பட்டாசுக் கம்பெனி வேலைன்னு அவுககிட்டச் சொன்னியா?”

“சொன்னா வேலையவே விடச் சொல்லுவாக.”

“நாம ரெண்டு பேரும் ஒரே ரூம்லதானே வெடிமருந்து அடைக்கோம். அங்கன வச்சு வலிப்பு வந்துட்டா?”

“இதுவரைக்கும் வீட்டுலதாங்க்கா வந்திருக்கு.”

கம்பெனி வாசலில் பஸ் நின்றது. அவள் தூக்குவாளியை எடுத்துக்கொண்டு இறங்கினாள். கீழே நின்று, “வாங்கக்கா, நேரமாச்சு” என்றாள்.

மற்றவள் முன்கம்பியைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தாள். “இறங்கலையாம்மா?” என்று கண்டக்டர் இரண்டு தடவை கேட்டும் எழுந்திருக்கவில்லை.