எட்டு நிறக் கம்பிகளும் ஒரு குரலும்

சென்ற வாரம் வேங்கிக்காலிலிருந்து நகருக்குத் திரும்பும் பேருந்தில், இணைய இணைப்புப் பணியாளர் ஒருவர் எனக்கு முன்னால் அமர்ந்து, "எட்டு வயர்ல மொதல்ல ஆரஞ்சு வெள்ளை, அப்புறம் ஆரஞ்சு" என்று கைப்பேசியில் எவருக்கோ விளக்கிக்கொண்டிருந்தார். அருகில் நின்ற பெண்மணி அவர் பேசி முடிக்கும்வரை காத்திருந்து கேட்டார்.

"அண்ணா, பௌர்ணமியன்னிக்கு அடி அண்ணாமலையில ஒரு வூட்டுக்குப் போன்லயே சொல்லிக் குடுத்து வயர் மாட்ட வெச்சது நீங்கதானா? குரலை வெச்சே கண்டுபுடிச்சிட்டேன்."

"குரங்கு கேபிளை இழுத்துப் போட்டுச்சே, அந்த வூடா?"

"அதே வூடுதாங்க. அரை மணி நேரத்துல பொண்ணுக்குக் கம்ப்யூட்டர்ல இன்டர்வியூ. கிரிவலக் கூட்டத்துல உங்க வண்டியை விடலை. வயர் நுனில மாட்ட வூட்ல இருந்ததே ரெண்டு கனெக்டர். மொத கனெக்டரைத் தலைகீழா புடிச்சுக் கெடுத்துட்டேன்."

"அப்ப அழுதுட்டீங்க."

"நீங்க ஒரு வார்த்தை திட்டலியே! 'இன்னொண்ணு இருக்குதில்ல, கம்மல் மாட்டுற மாதிரி பொறுமையா சொருகுங்கம்மா'ன்னீங்க. ஸ்க்ரூடிரைவரை வெச்சு அழுத்தி மாட்டுனதும் மோடத்துல பச்சை லைட் எரிஞ்சுது. பொண்ணுக்கு வேலை கெடைச்சிடுச்சுங்கண்ணா. உங்களை நெனைக்காத நாளே இல்லை."

பணியாளர் "ஸ்க்ரூடிரைவர்ல அழுத்துனது ரொம்ப நாள் தாங்காதும்மா. நாளைக்கு வந்து கனெக்டர் அழுத்துற டூல் வெச்சு ஒழுங்கா போட்டுத் தரேன்" என்றார்.

"வேணாங்கண்ணா, டூல் வாங்கி நானே மாத்திட்டேன். எங்க தெருவுல நாலு வூட்டுக்கும் நான்தான் போட்டுக் குடுத்தேன். கனெக்டர்தான் தீந்துபோச்சு."

பணியாளர் மடியிலிருந்த பையைத் திறந்து, கைநிறைய கனெக்டர்களை அள்ளி அந்தப் பெண்மணியின் முந்தானையில் போட்டார்.