வெள்ளிக்கிழமை நூல்

ஸ்ரீவில்லிபுத்தூர் நீதித்துறை நடுவர் முன்பாக 12.6.1995 அன்று சாட்சி தானாக முன்வந்து கொடுத்த வாக்குமூலம், அவர் சொல்லச் சொல்ல எழுதப்பட்டது.

பெயர் வெள்ளத்தாய். வயது 33. தகப்பனார் பெயர் கருத்தையா, காலமாகிவிட்டார். விலாசம்: மாடி அறை, மடவார் வளாகம், ஸ்ரீவில்லிபுத்தூர், காமராஜர் மாவட்டம். கணவர் பெயர் என்ற இடத்தில் 'இல்லை' என்று எழுதினால் போதும், ஏன் என்று கேட்க வேண்டாம் என எழுத்தரிடம் கேட்டுக்கொண்டேன்.

நான் மேற்படி விலாசத்தில் தனியாகக் குடியிருந்து வருகிறேன். சொந்த ஊர் ஆலங்குளம். என் தகப்பனார் சுண்ணாம்புக்கல் உடைத்து என்னை மதுரையில் கம்ப்யூட்டர் படிக்க வைத்தார். ராஜபாளையத்தில் திரு. சௌந்தரபாண்டியன் என்பவருக்குச் சொந்தமான பேண்டேஜ் துணிக் கம்பெனியில் இரண்டு வருடமாகப் புரோகிராமர் வேலை பார்த்து வந்தேன். கம்பெனியின் தொழில் என்னவென்றால், நூலை வாங்கி குடோனில் வைத்து, சுற்றுப்பட்டு ஊர்களில் விசைத்தறி வைத்திருப்பவர்களுக்குக் கூலி நெசவுக்குக் கொடுத்து, அவர்கள் நெய்து தரும் துணியை எடை போட்டு வாங்கி, வெளுத்து, வெட்டி, ஆஸ்பத்திரிகளுக்கு அனுப்புவது. நூல் குடோனுக்கு ஒரு கணக்கு, துணி வாங்கும் இடத்துக்கு ஒரு கணக்கு. இரண்டையும் கம்ப்யூட்டரில் ஏற்றியது நான்.

கம்ப்யூட்டருக்குத் தூசி ஆகாது என்று கண்ணாடி அறை ஒன்று தடுத்து ஏ.சி. போட்டுக் கொடுத்தார்கள். செருப்பைக் கழற்றிவிட்டு வரவும் என்று வாசலில் போர்டு வைத்த பிறகு ஒருவரும் உள்ளே வருவதில்லை. நூல் கொடுத்ததற்கும் துணி வாங்கியதற்குமான சீட்டுகளைக் கதவிடுக்கில் செருகிவிட்டுப் போய்விடுவார்கள். மத்தியானம் அவர்கள் வேப்பமரத்தடியில் சிரித்துப் பேசிக்கொண்டு சாப்பிடுவார்கள், நான் போய் உட்கார்ந்தால் பேச்சு நின்றுவிடும், ஆகவே நான் கண்ணாடிக்குள்ளேயே சாப்பிட்டு வந்தேன். அந்தக் கம்பெனியில் என்னோடு பேசிய ஒரே ஆள் குடோன் கீப்பர் பால்சாமி. கண்ணாடியைத் தட்டி, "ஏத்தா, சாப்டியா? அந்தக் குளிருக்குள்ள கெடந்து வெறச்சுப் போயிராத" என்பார். அவர் வந்து தட்டட்டும் என்று நான் சில நாள் சாப்பாட்டைத் தள்ளிப் போட்டது உண்டு. இது வழக்குக்குச் சம்பந்தமில்லை என்று எழுத்தர் சொன்னார். சம்பந்தம் உண்டு, எழுதுங்கள் என்றேன்.

அதன் பிறகு இந்த வருடம் மார்ச் மாதக் கடைசியில் இருப்பு எடுத்தபோது, கம்ப்யூட்டர் காட்டிய நூலைவிட குடோனில் இருந்த நூல் ஏகத்துக்கும் குறைவாக இருந்தது. குடோன் சாவி ஒருத்தன் கையில்தான் இருக்கிறது, திருடனும் அவன்தான் என்று முதலாளி போலீசில் புகார் கொடுத்தார். என்னிடம் வாங்கிய பிரின்ட்டைத்தான் புகாரோடு வைத்தார்கள். பால்சாமியைக் கூட்டிக்கொண்டு போனபோது அவர் என் அறைப் பக்கம் ஒரு தடவை பார்த்துவிட்டுப் போனார். தற்சமயம் இந்த ஊர் கிளைச் சிறையில் இருக்கிறார். அன்றிலிருந்து கதவிடுக்கில் சீட்டு செருகுகிறவர்கள்கூட என் முகத்தைப் பார்ப்பதில்லை. பால்சாமியின் மனைவி கருத்தம்மாவைப் பார்க்கப் போனேன். "ஒன் பொட்டி சொல்லித்தான அவிய உள்ள கெடக்காக?" என்று கதவைச் சாத்திவிட்டார்.

பால்சாமி திருட மாட்டார் என்பது எனக்குத் தெரியும், ஆனால் எனக்குத் தெரியும் என்பதை எந்தக் கோர்ட்டும் வாங்காது. அப்போதுதான் ஒன்று கண்ணில் பட்டது. அவர் உள்ளே போய், வேறு ஆள் சாவி வாங்கி, அதன் பிறகும் வாரா வாரம் நூல் குறைந்துகொண்டே இருந்தது. முதலாளியிடம் சொன்னேன். "அப்ப இவனும் களவாணியா?" என்றார். நாளைக்கு இன்னொருத்தரை வைத்தால் அவரும் களவாணி ஆவார், ஆளைப் பார்க்காதீர்கள், வேலை நடக்கிற விதத்தைப் பாருங்கள் என்றேன். அவர் எழுந்து போய்விட்டார்.

நான் படித்த பாடத்தில் ஒன்று உண்டு. ஒரு தொழிலை மேசை மேசையாகப் பார்க்காதே, ஒரு மேசையில் செய்வது இன்னொரு மேசையில் எங்கே வந்து முட்டுகிறது என்று முழுசாகப் பார் என்று. ஆகவே ஒரு வியாழக்கிழமை கண்ணாடி அறையைப் பூட்டிவிட்டு, நூல் மூட்டை ஒன்றில் நீல மையால் குறி போட்டு, அது போகிற இடமெல்லாம் பின்னாலேயே போனேன். எனக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்பது போல் பார்த்தார்கள். பார்த்துவிட்டுப் போகட்டும்.

அந்தக் கம்பெனியில் வெள்ளிக்கிழமை நூல் கொடுக்க மாட்டார்கள். லட்சுமி வெளியே போய்விடுவாள் என்று முதலாளியின் தகப்பனார் காலத்திலிருந்து உள்ள வழக்கம். ஆனால் வெள்ளிக்கிழமை நூல் போகாவிட்டால் சனிக்கிழமை தறி நிற்கும். ஆகவே வியாழன் சாயங்காலமே மூட்டைகளைக் குடோனுக்கு வெளியே தகரக் கொட்டகையில் அடுக்கிவிடுகிறார்கள். மறுநாள் தறிக்காரர்கள் தாங்களாக வந்து தூக்கிக்கொண்டு போகிறார்கள். கேட்டால், நாங்கள் கொடுக்கவில்லை, அவர்களாக எடுத்துக்கொண்டார்கள் என்கிறார்கள். கொடுக்காத நூலுக்குச் சீட்டு எதற்கு? அடேங்கப்பா, லட்சுமியையே ஏமாற்றுகிற கெட்டிக்காரத்தனம் என்று நினைத்துக்கொண்டேன். சனிக்கிழமை நான் குறி போட்ட மூட்டை சிவனாண்டி என்பவர் தறியில் ஓடிக்கொண்டிருந்தது. என் கம்ப்யூட்டரில் அது குடோனிலேயே இருந்தது.

அதன் பிறகு மேற்படி சிவனாண்டியிடம், முன்னால் இதற்கு யார் கணக்கு வைத்தது என்று கேட்டேன். "பெரிய மொதலாளிதான். சனிக்கெழம கூலி வாங்க வருவோம்லா, காப்பி வாங்கிக் குடுத்து, நேத்து எம்புட்டு எடுத்தேன்னு பேச்சோட பேச்சா கேட்டு சனிக்கெழமத் தேதியில அவரே சீட்டுப் போட்ருவாரு. அவரு போன பொறவு யாரு கேக்கா?" என்றார். முதலாளியின் தகப்பனாரான அவர் இறந்த பிறகுதான் கம்ப்யூட்டர் வந்தது. நான் அவரவர் நிரப்பி வந்த ஃபாரத்தை வாங்கி ஏற்றினேன். காப்பி குடித்துக்கொண்டு பேசுவதற்கு ஃபாரம் கிடையாது, ஆகவே அது என் புரோகிராமில் இல்லை.

யாரும் எடுக்காமல் எப்படிக் குறையும் என்று நடுவர் அவர்கள் கேட்டதற்கு நான் சொன்னதாவது: வீட்டில் ஒருத்தர் அரிசியை அளந்து உலையில் போட்டது தெரியாமல், இன்னொருத்தர் பானையைப் பார்த்து அரிசி களவு போய்விட்டது என்று கத்துகிற மாதிரிதான். அடுப்பைப் பார்த்தால் சோறு வெந்துகொண்டிருக்கும். நான் அடுப்பைப் போய்ப் பார்த்தேன். துணி வாங்கும் கணக்கில், சீட்டுப்படி கொடுத்த நூலைவிட வந்த துணி எடை கூடுதலாக இருந்தது. சீட்டில்லாமல் போன நூல்தான் துணியாகத் திரும்பி வந்திருக்கிறது. அதை யாரும் சந்தேகப்படவில்லை. துணி சூப்பர்வைசர் உக்கிரபாண்டியின் கண்டிப்பால் சேதாரம் குறைந்தது என்று அவருக்கு மேடை போட்டு வாட்ச் பரிசு கொடுத்தார்கள். கழிவு போக, அந்தக் கூடுதலும் இந்தக் குறைவும் ஒன்றே. ஒரே நூலுக்கு ஒருத்தருக்கு வாட்ச், ஒருத்தருக்கு விலங்கு.  இரண்டு பிரின்ட்டையும் இத்துடன் கொடுத்திருக்கிறேன்.

இதை முதலாளியிடம் காட்டியபோது அவர் இரண்டு பிரின்ட்டையும் விரல் வைத்து ஒத்துப் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது. அதன் பிறகு, "எங்கப்பா வெள்ளிக்கெழம நூலை வெளிய விட்டுட்டு சனிக்கெழமன்னு எழுதுனாருன்னு கோர்ட்டுல சொல்லப் போறியா? ஊரே அவரைக் கையெடுத்துக் கும்புடுது. அப்படிச் சொல்றதா இருந்தா நாளையிலருந்து வேலைக்கு வராத" என்றார். வரவில்லை என்று சொல்லிவிட்டு என் டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். அந்தக் கண்ணாடி அறையை விட்டு வர எனக்கு என்ன வருத்தம்? இருந்தும் பஸ்ஸில் அழுதேன். வீட்டில் போய்ச் சொல்ல ஆளில்லை, அதனால் பஸ்ஸிலேயே அழுது முடித்தேன்.

அதன் பிறகு நேற்று முன்தினம் கிளைச் சிறையில் பால்சாமியைப் பார்த்தேன். நான் நடந்ததையெல்லாம் சொன்னேன். சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். கம்பியைப் பிடித்துக்கொண்டு கேட்டுவிட்டு, "சாப்டியாத்தா?" என்றார். பிறகு, "கம்ப்யூட்டரு பொய் சொல்லாது. பெரியவருக்கு எல்லாம் தெரியும்லா, அதே மாதிரி அதுக்கும் தெரியும்னுதான் வெள்ளிக்கெழம நூலுக்குச் சீட்டுப் போடாம நான் சும்மா இருந்தேன். அதுவே கொறையுதுன்னா நாந்தான் எங்கயோ விட்ருப்பேன். எனக்காகக் கணக்கை மாத்தாத, ஒன் வேலை போயிரும்" என்றார். இல்லை அண்ணாச்சி, மாற்றவில்லை, இதுதான் நிசம் என்று சத்தியம் பண்ணினேன். என் தலையைத் தடவுகிற மாதிரி கையை நீட்டினார், கம்பி இடித்தது. குற்றத்தை ஒப்புக்கொள்வதாகவும், இருக்கிற வீட்டை விற்று ஈடு கட்டிவிடும்படி மனைவியிடம் சொல்லிவிட்டதாகவும் சொன்னார்.

ஆகவே நடுவர் அவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். இந்த வாக்குமூலத்தை எனக்கு வாசித்துக் காட்டுவது போல பால்சாமிக்கும் ஒரு தடவை வாசித்துக் காட்ட வேண்டும். நான் சொன்னால் பாசத்தில் சொல்கிறேன் என்கிறார். கோர்ட்டு முத்திரை வைத்த தாளிலிருந்து வேறு ஒருவர் வாசித்தால் நம்புவார். தான் திருடவில்லை என்று அவருக்குத் தெரிய வேண்டும்.

யாரும் சொல்லிக் கொடுத்தோ மிரட்டியோ சொல்லவில்லை. கூட்டியும் குறைத்தும் எதுவும் சொல்லவில்லை. வாசிக்கக் கேட்டேன், என் வார்த்தைதான், உண்மைதான்.

ஒப்பம்,
க. வெள்ளத்தாய்