பேர் கழண்ட பாத்திரங்கள்

— அதுவும் என்னோடது இல்ல ஹார்லன். திருப்பித் திருப்பிக் காட்டாத. இல்லைன்னா இல்லதான்.

— நல்லாப் பாரு வெர்னா. நீல ஓரம், ஒரு காது லேசா உடைஞ்சிருக்கு. என் மூஞ்சி மாதிரியே.

— உடைஞ்சதுலயா சாவு வீட்டுக்குச் சாப்பாடு கொண்டு வருவேன்? உன் பொண்டாட்டி ஆர்டிஸ் எந்திரிச்சு வந்து திட்டியிருப்பா.

— திட்டட்டுமே. அவ போய் ஆறு வாரம் ஆச்சு, வீட்டுல கடிகாரம் மட்டும்தான் என்னைத் திட்டுது. முத மூணு வாரம், நீங்கல்லாம் சுட்டுக் கொண்டு வந்த கேசரோல்னா சாப்பாடு: கோழி, டூனா, காளான் சூப் ஊத்தின உருளைக்கிழங்கு. நல்லாத் தின்னேன். இப்பக் கேசரோல்னா கார் டிக்கியில கடகடன்னு ஆடுற பதினோரு கண்ணாடிப் பாத்திரம்.

— அடியில டேப்புல பேர் எழுதி ஒட்டியிருப்போமே! நம்ம சர்ச் பொம்பளைங்க பேர் ஒட்டாம ஒரு கரண்டியக்கூட வெளிய அனுப்ப மாட்டாங்களே.

— கழுவினேன். கழண்டுடுச்சு.

— நாப்பது வருஷமாக் கழுவறேன். எனக்கு ஒண்ணுகூடக் கழண்டதில்ல.

— கைராசி. மினசோட்டாவுல இத்தனை ஏரி இருந்தும் மீன்கிட்ட மட்டும் அது பலிக்கல.

— இன்னைக்கு இது எத்தனாவது வீடு?

— நாலாவது. டோலோரஸ் வீட்டுல காபி, எலுமிச்சைக் கேக்கு ரெண்டு துண்டு. மார்லிஸ் வீட்டுல பட்டாணி சூப். ஜூடித் வீட்டுல சீட்டாட்டம், தோத்தேன். மூணு பேரும் டிக்கியத் துருவிப் பாத்துட்டு, ‘எங்களோடது எதுவும் இல்ல’ன்னுட்டாங்க. ஒரு வாரமா இதே கதை. பாத்திரம் ஒண்ணும் குறையல, நான்தான் நாலு கிலோ ஏறிட்டேன்.

— ஏம்ப்பா, இங்க பாரு. டேப் கழண்டுச்சா, நீ உரிச்சியா?

— ...சுரண்டினேன். வெண்ணெய்க் கத்தியால. பேர் இருந்தா ஞாயித்துக்கிழமை சர்ச்சுலயே மொத்தத்தையும் கொடுத்து முடிச்சுடணும். அப்புறம் எந்தச் சாக்குல யார் வீட்டுக் கதவைத் தட்டுவேன்? எழுபது வயசுல பாத்திரத் திருடன் ஆயிட்டேன். யார்கிட்டயும் சொல்லிடாத மகராசி.

— உக்காரு, காபி ஊத்தறேன். சொல்றதுக்கு ஆள் ஏது? நீ கிளம்பின முத நாளே டோலோரஸ் எல்லாருக்கும் போன் போட்டுட்டா: ‘அவன் டிக்கியில என்னோடது இருக்கு, நான் இல்லைன்னுட்டேன். நீங்களும் யாராவது உங்களோடதை அடையாளம் கண்டுபிடிச்சுத் தொலைச்சுடாதீங்கடி’ன்னு.