மாமாவின் காலில் பொங்கிய கலர்

விசாரணைக் குழுத் தலைவர் ஐயா, யார் யார் எங்கே உட்கார்ந்திருந்தார்கள் என்று கேட்டிருந்தீர்கள். கட்டிலில் வலது காலை நீட்டிக்கொண்டு என் மாமனார். அவர் தலைமாட்டில் ஊசியோடு நர்ஸம்மா. ஸ்கேன் மெஷின் முன்னால் முக்காலியில் நான். என் முதுகுக்குப் பின்னால் பெரிய டாக்டர். சுவரோர நாற்காலிகளில், தங்கள் மருந்தின் வித்தையைப் பார்க்க வந்த கம்பெனிக்காரர்கள் மூவர். ஏசி கொஞ்சம் அதிகம்.

மருந்து என்றால் வெறும் குமிழிகள்தான். கையில் ஏற்றினால் ரத்தத்தோடு ஓடி, மெஷின் அனுப்பும் ஒலியைத் திருப்பி அடிக்கும். மங்கலான ஓட்டமும் பளிச்சென்று தெரியும். மாமாவுக்கு முட்டிக்குக் கீழே திரை கறுப்பாகவே இருந்தது. ஓட்டம் மெலிந்திருக்கிறதா, அடைத்தே போயிற்றா என்று பார்க்கத்தான் ஊசி.

ஏற்றினோம். தொடை ஜெகஜ்ஜோதி. முட்டிக்குக் கீழே அதே கறுப்பு. அடைப்புதான் என்று அந்தக் கணமே எனக்குத் தெரிந்துவிட்டது.

"என்னப்பா, உன் வித்தை இவ்ளோதானா?" என்றார் டாக்டர். கம்பெனிக்காரர் ஒருவர் கொட்டாவி விட்டார்.

திரையில் கலரைக் கூட்டும் பட்டனைத் திருகினேன். அளவுக்கு மேல் ஏற்றினால் நிறம் ரத்தக் குழாயை விட்டு வழிந்து, ஓட்டமில்லாத இடத்தையும் நிரப்பிவிடும். எங்கள் தொழிலில் முதல் நாளே சொல்லிக்கொடுக்கும் எச்சரிக்கை அது. சிவப்பும் மஞ்சளுமாய்ப் பாதம்வரை பொங்கிற்று. எல்லோரும் கைதட்டினார்கள். எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

"மாப்ளே, என் காலுக்குள்ளயா இவ்ளோ கலரு? ஒரு படம் குடுங்க, உங்க அத்தை நம்பமாட்டா."

"ஓட்டம் நிச்சயந்தானே?" என்றார் டாக்டர்.

"ஜோரா ஓடுது சார்."

மாமாவுக்காக ஒதுக்கியிருந்த ஆபரேஷன் தியேட்டரை வேறொருவருக்குக் கொடுத்தார்கள்.

சாயங்காலம் வீட்டில் மாமா, "கால் சில்லுன்னு இருக்கு மாப்ளே" என்றார். "அந்த ரூம் ஏசி மாமா. படத்துலதான் பாத்தீங்களே" என்றேன். அவர் சிரித்தார், நானும் வயிறு வலிக்கச் சிரித்தேன். மறுநாள் கால் கறுத்தது. அந்த வாரமே முட்டிக்கு மேலே எடுத்துவிட்டார்கள்.

திருகியது நான்தான், தெரிந்தேதான். ஆனால் அந்தக் கொஞ்ச நேரம் மாமா எவ்வளவு சந்தோஷமாக இருந்தார் என்பதையும் குழு கருத்தில் கொள்ள வேண்டும்.

உறைக்குப் பசை தடவியாயிற்று. தபாலில் போட என் மனைவி வாசலில் நிற்கிறாள். கையை மட்டும் நீட்டுகிறாள். அந்தப் படத்தையும் மடங்காதபடி அட்டையோடு வைத்திருக்கிறேன். பார்த்துவிட்டுத் திருப்பி அனுப்புங்கள். மாமா அப்புறம் அதைக் கேட்கவேயில்லை, கூச்சப்படுகிறார் போலிருக்கிறது.